தம்பி மகளின் பேனர்

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. காது குத்தினாலும் பேனர், கண்ணை மூடினாலும் பேனர். விழுப்புரத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து அந்தப் பேனர்களை டிசைன் செய்து கொடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொல்வேன்.

கடையை ஆரம்பித்தவர் என் கணவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டேன். அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பேனர் போட வருகிறவர்கள் தனியாக வரமாட்டார்கள், ஒரு பட்டாளமே வரும். எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் நின்று, லேப்டாப் திரையில் விரலை வைத்து, "மாமாவ மேல தூக்கு, சித்தப்பாவ கீழ எறக்கு" என்பார்கள். அவர் இருந்தவரை யாரும் அவர் மேல் கை வைத்ததில்லை. நான் உட்கார்ந்ததும் முதலில் நாற்காலியின் முதுகில் கை வந்தது, பிறகு என் தோளில் வந்தது. காதுக்குப் பக்கத்தில் பாக்கு வாடை வேறு.

அதற்காகத்தான் பழைய டேப்லெட் ஒன்றை வாங்கி, லேப்டாப்போடு வயரில் இணைத்து, எதிர்மேசையில் அவர்கள் பார்க்கும்படி நிறுத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்து அதில் பாருங்கள், என் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். முதலில் லேப்டாப்பில் தெரிவது அப்படியே டேப்லெட்டிலும் தெரிந்தது. அது பேஜாராகப் போயிற்று. ஒரு தாத்தாவின் படத்தை நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பாதித் தலையோடு தெரிவார், குடும்பமே கூச்சல் போடும். பிறகு செட்டிங்கை மாற்றி இரண்டையும் சேர்த்து ஒரே நீளத் திரையாக்கினேன். டிசைன் செய்யும் ஜன்னலை இரண்டின் மேலும் இழுத்து விட்டால், பேனர் மட்டும் டேபில் போய் நிற்கும். பேனருக்கு வெளியே இருக்கும் காலியிடம் என் லேப்டாப்பில் இருக்கும். இனிமேல் வைக்க வேண்டிய படங்கள், வேண்டாம் என்று எடுத்த படங்கள் எல்லாம் அந்தக் காலியிடத்தில் கிடக்கும். அவை அச்சில் வராது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியாது. ஒரு படத்தை மவுசால் பிடித்துத் தள்ளினால், லேப்டாப்பின் ஓரத்தில் மறைந்து டேபின் ஓரத்தில் முளைக்கும். கூட வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டும்.

திண்டிவனத்தில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. போன வருடம் அவன் மகள் பெரியவளானாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் வாங்கியவள் நான்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பஸ் ஏற்றி என்னிடம் அனுப்பிவிடுவார்கள். பேன் பார்த்து, சடை பின்னி, கேப்பைக் கூழ் பிடிக்காது என்று அழுதால் தோசை வார்த்துக் கொடுத்து, லீவு முடிய அனுப்பி வைப்பேன். அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா என்றதும், பேனர் நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் நீராட்டு பேனரில் தாய்மாமனுக்குத்தான் பெரிய படம். அதில் எனக்குத் தகராறு இல்லை. மாமனுக்கு எதிர்ப்பக்கத்தில் அத்தைக்கு ஒரு வட்டம் உண்டு. எத்தனையோ வீட்டு அத்தைகளை அந்த வட்டத்துக்குள் உட்கார வைத்திருக்கிறேன். இந்த ஒன்றில் நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைதான், வேறு பேர் சொல்லி மழுப்பப் போவதில்லை. அவர் போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் என்னை முன்னால் நிற்க விட்டதில்லை. மேடைப் பக்கம் நாலடி வைத்தால் யாராவது ஒருத்தி வந்து, "நீ ஏன் நிக்கற, அந்த சேர்ல போய் உக்காரு" என்று அன்பாகச் சொல்வாள். பேனரில் அப்படி யாரும் கையைப் பிடித்து ஓரங்கட்ட முடியாது, செய்வதே நான்தானே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

தம்பியும் அவன் மனைவியும் ஒரு பை அவித்த வேர்க்கடலையோடு, எங்கள் பக்கத்து மல்லாட்டையோடு, வந்தார்கள். பெஞ்சில் உட்கார வைத்து டேபைத் திருப்பிக் காட்டினேன். நடுவில் குழந்தை பட்டுப்பாவாடையில் நின்றாள். மேலே எங்கள் அம்மாவும் மறைந்த அப்பாவும். ஒரு பக்கம் அவள் தாய்மாமன். மறுபக்கம் வட்டத்துக்குள் நான், பச்சைப் புடவையில்.

"சூப்பரா கீது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "எங்கண்ணன மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா பண்ணுங்க."

பண்ணினேன்.

"உங்க போட்டோவ கொஞ்சம் கீழ எறக்குங்களேன்."

இறக்கினேன். இடம் பத்தவில்லை போலிருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா. ம்... அப்பிடியே ஓரமா."

சொல்லச் சொல்ல என் கையாலேயே என்னைச் சுருக்கி ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல் நகர்த்த இடமில்லை. "இதுக்கு மேல எங்கம்மா தள்றது? பேனரு முடிஞ்சிபோச்சி," என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மல்லாட்டையை உரித்துக்கொண்டே பேசினான். "அக்கா, தப்பா எடுத்துக்காத. மொதமொதல்ல நம்ம ஊட்ல நடக்கற விசேஷம். அவங்க சைடுல எதுனா பேசுவாங்க."

"இன்னா பேசுவாங்க?"

அவன் இன்னொரு மல்லாட்டையை உடைத்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுறுசுறுவென்று ஏறியது.

"அம்மா கூடத்தான் தாலிய எறக்கி வெச்சவ. அம்மா போட்டோ மேல கீதே?"

"அம்மா பக்கத்துல அப்பா கீறாரு இல்ல," என்றான்.

"அப்ப என் பக்கத்துலயும் எங்க ஊட்டுக்காரர வெச்சிட்றேன். முடிஞ்சிது."

"ஐயோ அண்ணி!" என்று அவள் பதறினாள். "எங்க மாமனாரு பேரப்பிள்ளைங்கள பாத்துட்டு நல்லா வாழ்ந்து போனவரு. இவரு அப்பிடியா? சின்ன வயசுல போனவரு போட்டோவ பொண்ணு விசேஷத்துல வெப்பாங்களா?"

சீக்கிரம் செத்தது அவர் செய்த குற்றம், சாகாமல் உட்கார்ந்திருப்பது நான் செய்த குற்றம். தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. இவனுக்குப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிய காலத்தில் எனக்கு அறிவு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மவுசைத் தள்ளினேன். டேபின் ஓரத்தில் என் தோள் மறைந்தது, பிறகு முகமும் மறைந்தது. அதே நேரம் என் லேப்டாப்பில் முதலில் தோள் வந்தது, பிறகு முகம் வந்தது. போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறார் என்று தள்ளி வைத்த ஒரு பெரியப்பா படத்துக்கும், வேண்டாம் என்று எடுத்துப்போட்ட பூங்கொத்துக்கும் நடுவில் போய் விழுந்தேன். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இதெல்லாம் தெரியாது.

"இப்பதான் பளிச்சுன்னு கீது," என்றாள். பிறகு, "அந்த எடம் காலியா கீதே அண்ணி. மயிலு ஒண்ணு வைங்களேன்."

"வெக்கிறேன். மயிலு சுமங்கலிதானா, நல்லா விசாரிச்சிட்டியா?"

தம்பி சிரித்தான். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். கிளம்பும்போது படிக்கட்டில் நின்று, "பந்தி, சமையக்காரங்க எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும் அக்கா. உன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்றான். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகும் நான் அச்சுக்கு அனுப்பவில்லை. என் மனதில் ஒரு ஆள் பாக்கி இருந்தாள். இந்த அழுக்கெல்லாம் பெரியவர்களுக்குத்தான், குழந்தைக்கு என்ன தெரியும்? பார்த்ததும், "எங்கத்தே எங்க?" என்று ஒரு ஆட்டம் ஆடுவாள். அவள் ஆடினால் தம்பி தாங்கமாட்டான், "வெச்சிடுக்கா" என்று போன் செய்வான். அதை நம்பி என் படத்தை அழிக்காமல் அப்படியே வெளியே விட்டுவைத்தேன். டிசைனை தம்பியின் போனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அத்தே! பேனர் பாத்தேன். செமயா கீது!"

"எல்லாரும் கீறாங்களா, நல்லா பாத்தியா?"

"இரு, பாக்கறேன். மாமா, தாத்தா, ஆயா, பெரிம்மா, சித்தி..." மேலிருந்து கீழே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "எல்லாரும் கீறாங்க அத்தே."

"யாரும் உட்டுப்போவலியே?"

"இல்லியே."

மவுசை என் படத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"அத்தே, ஆனா ஒண்ணு," என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "இன்னாடி, சொல்லு."

"என் மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலரா பண்ணு. ஓரத்துல கீற மயிலு சூப்பரா கீது, அத எடுத்துடாத."

"எடுக்கல," என்றேன்.

அவள் முகத்தை வெளுப்பாக்கினேன். வெளியே கிடந்த என் படத்தை அழித்தேன். பிறகு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.