முந்திரி மரத்தில் கட்டிய மஞ்சள் நூல்

அரியலூர் கல்லூரியில் தாவரவியல் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே மூன்று வருடத்துக்கும் திட்டம் போட்டுவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கடைசி வருடம் அவசரமாக எழுதித் தரும் ஆராய்ச்சியை யாரும் மதிக்க மாட்டார்கள், முதல் வருடத்திலிருந்தே ஒன்றையே பார்த்துக்கொண்டிரு என்று எங்கள் சார் சொல்லியிருந்தார். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு இருந்தது. முந்திரி அத்தனை பூ பூத்தும் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் காய்க்கிறது? இதுதான் என் கேள்வி. முதல் வருடம் வேடிக்கை பார்ப்பது, இரண்டாம் வருடம் சோதனை, மூன்றாம் வருடம் அதையே இன்னொரு முறை செய்து எழுதுவது.

அப்பாவிடமும் ஒரு திட்டம் இருந்தது. பட்டம் வாங்கியதும் எனக்குக் கல்யாணம். மேலே படிக்கத் திருச்சிக்கு அனுப்பச் சொல்லி அழுது பார்த்தேன். உங்கள் சார் நேரில் வந்து சொன்னால் அனுப்புகிறேன் என்றார். எந்த வாத்தியார் வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வரப்போகிறார் என்கிற தைரியம் அவருக்கு.

இரண்டாம் வருடம் தை மாதம் மரங்கள் பூத்தன. சின்னத் தூரிகையால் மகரந்தத்தை எடுத்துப் பூக்களில் தொட்டு வைத்தேன். தொட்ட கிளைகளுக்கு அடையாளமாகக் காகிதச் சீட்டு கட்டினால் ஆடு தின்றுவிட்டது. நூல் கட்டலாம் என்றால் வெள்ளை நூல் கண்ணில் படவில்லை. அம்மாதான் மஞ்சளில் முக்கிக் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்து மரம் ஒன்றை மட்டும் தொடாமல், நூலும் கட்டாமல் விட்டு வைத்தேன். அந்த மரம்தான் இந்தச் சோதனைக்கு உயிர் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

விறகு பொறுக்கப் போகிறவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் எப்படிப் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகாத பெண் ஒருத்தி காலையில் குளித்துவிட்டு வருகிறாள், பூவுக்குப் பொட்டு வைக்கிறாள், உதட்டை அசைத்து என்னவோ முணுமுணுக்கிறாள், மஞ்சள் நூலை முடிந்துவிட்டுப் போகிறாள். நான் பூ எண்ணிக்கொண்டிருந்தேன் என்று யாருக்குத் தெரியும்?

கீழப்பழுவூரிலிருந்து அத்தை ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்து இறங்கினாள்.

"பொண்ணு வாய் விட்டுச் சொல்ல முடியாம மரத்துக்கிட்ட சொல்லிக்கிட்டு நிக்கிது. நீங்க என்னடான்னா கல்லு மாரி ஒக்காந்திருக்கீங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜாதகம் பொருந்தாமல் போனதால் பிழைத்தேன்.

அதற்குள் ஊர்ப் பெண்களும் நூல் கட்டத் தொடங்கிவிட்டார்கள். எது என் நூல், எது அவர்கள் நூல் என்றே தெரியவில்லை. அதிலும் ஓரத்து மரத்தில் எவளோ முதல் நூலைக் கட்டிவிட, பார்த்தவர்கள் எல்லாம் அங்கேயே கட்டினார்கள். அந்த முதல் நூல்காரியைக் கண்டுபிடித்தே தீருவது என்று தெருத் தெருவாகச் சண்டைக்குப் போனேன். ஒரு அக்கா மட்டும் பதில் சொன்னாள்.

"ஒனக்கு மட்டும் நடக்கணும், எங்களுக்கெல்லாம் நடக்கக் கூடாதா தங்கச்சி?"

அந்த வருடச் சோதனை பாழாய்ப் போனது. மூன்றாம் வருடம் நீல ரிப்பன் வாங்கிக் கட்டினேன். நீலத்தில் யாரும் வேண்டிக்கொள்வதில்லை. ஆனால் மஞ்சள் நூல்களால் ஒரு நன்மை விளைந்திருந்தது. முன்பெல்லாம் போகிறவர் வருகிறவர் கொட்டையைத் திருகிக்கொண்டு போய்ச் சுட்டுத் தின்பார்கள். இப்போது வேண்டுதல் மரத்தில் கை வைக்க எல்லோருக்கும் பயம். ஒரு கொட்டைகூடக் களவு போகவில்லை.

இதைச் சொன்னதும் சார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. நம்ப முடியாமல் நேரிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். காட்டுக்குள் ஒருத்தி சூடம் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டார். வெறுங்காலோடு மரம் மரமாகப் போய்க் கொட்டைகளைச் சரிபார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "படிக்க வைங்க. வீணாக்கிடாதீங்க" என்றார். அப்பாவால் பேச்சு மாற முடியவில்லை.

திருச்சியில் இடம் கிடைத்த அன்று அம்மா பொங்கல் வைக்கப் பானையோடு காட்டுக்குக் கிளம்பினாள். வேண்டுதல் நிறைவேறினால் பொங்கல் வைத்துக் கட்டிய நூலை அவிழ்க்க வேண்டுமாம். யார் கட்டிய நூல் என்று கேட்டேன். அவள் நேராக ஓரத்து மரத்துக்குப் போனாள். மற்ற நூல்களுக்கெல்லாம் அடியில், வெயிலில் வெளுத்துக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"திருச்சில எடம் கெடைக்கணும்னு போன வருசம் கட்டுனேன்."

இத்தனை மரம் இருக்க இதுதானா கிடைத்தது என்று கத்த வாயெடுத்தேன்.

"இதுதான் உசுரான மரம்னு நீதான சொன்ன" என்றாள் அம்மா.

அழுகை வந்துவிட்டது. முடிச்சு இறுகிப் போயிருந்ததால் இருவரும் சேர்ந்துதான் அவிழ்த்தோம்.