முகர்ந்து சொல்கிற வேலை

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பெயின்ட் அடித்ததில் அவருக்குப் பென்ஷனும் கிடைத்தது, மூக்கும் போனது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வாசனை தெரியாது. பக்கத்தில் பால் பொங்கித் தீய்ந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை, வீட்டுப் புரொஜெக்டரில் ஓட்டுகிற பழைய குட்டிப் படச்சுருள்களை வாங்கிச் சேர்க்கும் பித்துப் பிடிக்கும்வரை.

அந்தச் சுருள்களுக்கு ஒரு வியாதி உண்டு. வயதானால் சில புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தாலே வினிகர் நெடி அடிக்கும். அப்படி ஒன்றை அலமாரியில் வைத்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். ஆகவே வாங்குமுன் முகர்ந்து பார்க்க வேண்டும். அவருக்காக முகர்ந்தவள் மனைவி. யார் வீட்டைக் காலி செய்து பழைய சுருள்களைத் தள்ளிவிட்டாலும் அவளும் கூடவே போக வேண்டும். சுருள் சேர்க்கிறவர்கள் அவளுக்கு ‘மூக்கம்மா’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். சுருள்களுக்கு வெயில் ஆகாதாம். வீட்டுக் கூடத்து ஜன்னலை அலமாரி வைத்து அடைத்தாயிற்று.

வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. “எப்பம்மா வர்றே?” என்று தினமும் கேட்டாள். “இந்த ஒரு வீடு முடியட்டும்” என்பார் அவர். முடிவதற்குள் இன்னொரு வீடு வந்துவிடும்.

கடைசியில் மூக்கம்மா ஒரு பொய் சொன்னாள். “என்னங்க, சளி பிடிச்சதுலேர்ந்து எனக்கும் ஒரு வாசனையும் தெரியல.”

அவர் இடிந்து உட்கார்ந்தார். “காப்பி?”

“வெந்நீர் மாதிரி இருக்கு.”

“மண்ணெண்ணெய்?”

“ம்ஹூம்.”

“மூக்கில்லாம இனி எதை வாங்கறது! பல் டாக்டர் வீட்டம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதை மட்டும் கண்ணை மூடிட்டு வாங்கிடலாம். தூக்கிட்டு வரக் கூட வா. அப்புறம் நீ மககிட்ட கிளம்பு.”

பல் டாக்டர் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் மனைவி, டாக்டர் சேர்த்த சுருள்களையெல்லாம் மேஜைமேல் பரப்பியிருந்தாள். “எடுத்துட்டுப் போங்கண்ணா, புண்ணியமா போகும். கல்யாணமான நாள்லேர்ந்து இதுங்களோடதான் குடித்தனம்.”

மூக்கம்மா அவளைப் பொறாமையோடு பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துப் பையில் போட்டார். துருப்பிடித்த ஒரு மூடியை அவள் பக்கமாக நெம்பினார். நெடி குப்பென்று வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நின்றாள். மூக்கு கேட்கவில்லை. சுளித்துக்கொண்டது.

அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று. “வந்திருச்சா!”

“இல்லீங்க, தூசி...”

“தூசிக்கு இப்படியா சுளிக்கும்? எத்தனை வருஷமா பாக்கறேன் இந்த மூக்கை!” பையில் போட்டதையெல்லாம் வெளியே எடுத்து அவள் முன்னால் அடுக்கினார். “முதல்லேர்ந்து வா.”

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம். மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பை, பக்கத்தில் அவர். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான்.

“அம்மாவுக்கு மூக்கு சரியாயிடுச்சும்மா!” என்றார் உண்மையான சந்தோஷத்தோடு. “வருவா, வருவா. அடுத்த வாரம் ஒரு வீடு இருக்கு, அது மட்டும்...”

“இங்க குடுங்க” என்று அவள் கையை நீட்டினாள். பஸ் திருப்பத்தில் சாய்ந்தது. பெட்டி நழுவ, நீட்டிய கையை இழுத்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.