ஸ்பான்சர் தேடி நான் அச்சடித்த நான்கு பக்கங்கள்

வலைப்பூ எழுதுகிறவனை ஊரில் யாரும் நம்புவதில்லை. விளம்பரம் கேட்டு வரும் வலைப்பூக்காரனை அவன் வீட்டிலேயே நம்புவதில்லை. உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்தால், மேலே படிக்காமலேயே தலையாட்டுவீர்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இருபது வருஷம் டிக்கெட் பரிசோதகனாக இருந்தேன். கம்பெனி கைமாறியதும் வேலை போனது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பைக்கில் கல்வராயன் மலைக்குப் போகிறேன். எந்தப் பஸ் ஓடுகிறது, எந்த வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, எந்த அருவியில் தண்ணீர் விழுகிறது, வெள்ளிமலையில் மரவள்ளி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து வந்து வலைப்பூவில் எழுதுகிறேன். மூன்று வருஷம் பொறுத்த என் மனைவி செல்வி, போன தை மாதம் கெடு வைத்துவிட்டாள். சித்திரை முடிவதற்குள் பெட்ரோல் செலவுக்கு ஒரு விளம்பரமாவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வலைப்பூவை மூட வேண்டும்.

சென்னையில் இருக்கும் மகள்தான் மீடியா கிட் செய்யச் சொன்னாள். நாம் யார், நம்மை யார் படிக்கிறார்கள், எத்தனை பேர், விளம்பரம் எந்த இடத்தில் வரும், என்ன கட்டணம், வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான்கு பக்கத்தில் சொல்லும் அறிமுகத் தாள்கள், அவ்வளவுதான். அதை நீட்டினால் கடைக்காரர்கள் நாற்காலி போடுவார்கள் என்றாள்.

எத்தனை பேர்

முதல் பக்கத்துக்கு வாசகர் எண்ணிக்கை வேண்டும். வலைப்பூவின் கணக்குப் பக்கத்தைத் திறந்தால், நானே எதிர்பார்க்காத பெரிய எண். சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரிலிருந்து, ஒரே நிமிஷத்தில் வந்து அதே நிமிஷத்தில் போயிருந்தார்கள். மனிதர்கள் அப்படி வரமாட்டார்கள். ஏறின இடத்திலேயே இறங்குகிறவனை நான் பஸ்ஸில் பார்த்ததே இல்லை. இயந்திரங்கள் என்று முடிவு செய்து கழித்தேன். மிச்சத்தில் நானே எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று யோசனை வந்தது. அதையும் தோராயமாகக் கழித்தேன். எண் இளைத்துப்போய்விட்டது.

எல்லாரும் மொத்தத்தைத்தான் போடுவார்கள் என்று மகள் போனில் வாதாடினாள். நான் கேட்கவில்லை. கடைசியில் அவள் சொன்னது: "பிளாகுக்கு வந்தவங்கள எல்லாம் டிக்கெட் கேட்டு நீங்களே எறக்கி வுட்டுட்டீங்களேப்பா!"

வாசகர் கருத்து

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் இருக்கிறார் அண்ணாமலை. சாமையும் கடுக்காயும் விற்கிறவர். சனிக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தைத் திறந்து, நாளைக்கு முதல் பஸ் உண்டா இல்லையா என்று அந்த ஊருக்கே வாசித்துச் சொல்வார். கருத்து சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. அவர் வாயால் இரண்டு வரி, ஒரு போட்டோ, கீழே கையெழுத்து. இதுதான் நான் கேட்டது.

சம்மதம் என்று நான் எழுதிக்கொண்டு போன தாளை அவர் வாங்கி முன்பக்கத்தை ஒரு முறைதான் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருகிறேன், கடன் வாங்கித் தருகிறேன் என்று வந்தவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அலைந்த ஊர் அது. கருத்தை வாயால் நன்றாகவே சொன்னார். போட்டோவுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. "கோச்சிக்காதீங்க. முன்னாடி எழுதியிருக்கறது செரி. பின்னாடி வெறுமையா கீதே, நாளைக்கி அதுல இன்னா எழுதுவீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றவர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று பட்டதும் தாளை மடித்துக்கொண்டேன்.

நான்கு மூலை மஞ்சள்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கோவிந்தனின் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் அவருக்கு முழு நேர வேலை. கெட்டி அட்டை, பளபளக்கும் எழுத்து என்று அருமையாகவே அச்சடித்துக் கொடுத்தார். ஒன்று மட்டும் நான் கவனிக்கவில்லை. அவருடைய ஆட்கள் பழக்கத்தில் எல்லாப் பிரதிகளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார்கள்.

முதல் பிரதியை ஒரு ஹார்டுவேர் கடை முதலாளியிடம் நீட்டினேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். "பொண்ணுக்கா?" என்றார். இல்லை, விளம்பரம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளாமல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைத் தேடினார், மண்டபத்தைத் தேடினார். நான்காம் பக்கத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருசமா மொய் எழுதிக்கினு கீறேன். எவ்ளோ வைக்கணும்னு ரேட்டு போட்ட பத்திரிகைய இப்பத்தாங்க பாக்கறேன்!"

பத்தால் வகுத்தல்

மஞ்சளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு டயர் கம்பெனியின் விற்பனை அதிகாரியைப் பார்க்கப் போனேன். மலைப்பாதை வலைப்பூவுக்கு டயர் விளம்பரம் பொருத்தம் என்பது என் கணக்கு. அவர் பொறுமையாகப் படித்தார். எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டி, நிஜமா என்றார். எப்படியெல்லாம் கழித்தேன் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு தூரம் விளக்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் பஸ்ஸில் நானும் நினைத்திருப்பேன்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் குரலில் கோபமே இல்லை. "எல்லாரும் பத்து மடங்கு ஜாஸ்தி போட்டு எடுத்தாருவாங்க, நாங்க பத்தால வகுத்துக்குவோம். உங்களுத வகுத்தா உங்க வூட்டு ஆளுங்கதான் சார் மிஞ்சுவாங்க."

ஒரு வரி

பங்குனியில் ஆள் கிடைத்தார். மலைப்பாதையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு விளம்பரம் என்று உடனே சொல்லிவிட்டார். அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. டீ வந்த பிறகு விஷயம் வந்தது. விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அருவி. வெயிலில் அது வற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் நான் எழுதக் கூடாது.

யோசிக்க வேண்டும் என்றேன். யோசிக்கவும் செய்தேன். மூன்று வருஷ வலைப்பூ ஒரு வரிக்காக மூடப்பட வேண்டுமா? வலைப்பூவைக் காப்பாற்ற நினைக்கிறேனா, செல்வியிடம் ஜெயித்துக் காட்ட நினைக்கிறேனா? இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அவர் சொன்ன நியாயம்தான் கையில் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. "பொய் எழுதச் சொல்லலீங்களே. ஒரு வரி எழுதாம வுடத்தானே சொல்றேன்?"

திருக்கோவிலூர்க்காரரின் போன்

அந்தச் சனிக்கிழமை அருவியில் பாறைதான் இருந்தது. பஸ் நேரம் எழுதினேன், ரோடு எழுதினேன், மரவள்ளி விலை எழுதினேன். அருவியை விட்டுவிட்டேன். விடுதியின் படம் பக்கத்தின் உச்சியில் அழகாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம், வலைப்பூவில் போட்டிருக்கும் என் நம்பருக்குப் போன் வந்தது. திருக்கோவிலூர்க்காரர். நெல் அறுப்புக்குப் போகிற கூலிக்காரராம். பிள்ளைகள் அருவி பார்த்ததே இல்லை என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்த அருவிக்கு வந்திருக்கிறார். தண்ணீர் இல்லையென்றால் நான் எழுதிவிடுவேன், எழுதவில்லையென்றால் இருக்கிறது என்று அர்த்தம். அவராகவே வைத்திருந்த கணக்கு இது. பின்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது இதுதான்: "உடம்பு கிடம்பு செரியில்லியாங்க? இந்த வாரம் நீங்க மேல வர முடியலியோன்னு எங்கூட்டுக்காரி கேக்கறா."

ஆமாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இங்கே முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். போனை வைத்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, அருவி வறண்டு கிடக்கிறது, நேற்றே பார்த்தேன், எழுதாதது என் தவறு என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் விடுதிக்காரர் கூப்பிட்டார். படம் இறங்கியது.

கெடு

செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். நான் பயந்தபடி அவள் கத்தவில்லை. முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "போனா போவுது. அந்த லாட்ஜு படத்தப் பாத்தப்பவே, சனிக்கெழம சனிக்கெழம மனுசன் இங்கதான் எறங்கிக்கறாரோன்னு எனக்கு டவுட்டு," என்றாள்.

சித்திரை முடிந்தது. மூடச் சொல்லி அவளும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வருகிறேன். போகாத வாரத்தில், நான் போகவில்லை என்பதையே முதல் வரியாக எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால், ஸ்பான்சர் தேடுவது என்பது நம்மை நம்பாதவர்களிடம் போய், நம்மை நம்புகிறவர்களை விலை பேசுவதுதான்.