கரைய மறுத்த தூள்

கண்ணாடித் தொட்டியின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் ஆர்தர். உள்ளே தொங்கும் வெப்பமானி முப்பத்தேழு என்று காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. "அது காட்டும் லா. கை ஒத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுக்கிறார். அவர் மனைவி அமலம்மாளின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. "ஆபீஸ் நூலு நழுவும். இது நழுவாது."

கெலுகோர் பல்கலைக்கழகத்து மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர். வீடு ஆயர் ஈத்தாமில். ஆண் எலியின் விந்துக்குழாயை, சேமியாத் துண்டு போன்ற ஒன்றை, நூலில் கட்டி வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவது அவர் வேலை. அதற்குள் ஓடும், நம் கட்டளை இல்லாமலே இயங்கும் பரிவு நரம்புகள் சில மணி நேரம் உயிரோடிருக்கும். மின்சாரத்தால் லேசாகத் தட்டினால் நரம்பு தசைக்குச் சொல்லும்; தசை சுருங்கும்; நகரும் காகிதத்தில் பேனா ஒரு மலை வரையும்.

தேவாலய வாசலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், ஒளிவுமறைவு கிடையாது. "ஆம்பள எலியோட குழாய்க்குக் கரண்டு கொடுக்கிறேன்." அமலம்மாள் பக்கத்தில் நின்றால் அவர் காலை நன்றாக மிதிப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம். விரிவுரையாளர் டாக்டர் அருந்ததி ஒரு கேள்வியோடு வந்தார். நூடுல்ஸ் விற்கும் மீ கடைக்காரர் ருசிக்காகத் தூவும் குளூட்டமேட், மூளையில் நரம்புகளை உசுப்பிவிடுகிறது. இனப்பெருக்க உறுப்புகளுக்குப் போகும் இந்த நரம்புகளை என்ன செய்யும்? சோதிக்கத் தொடங்கினார்கள். கையிருப்புத் தூள் சீக்கிரமே தீர்ந்து புதுப் போத்தல் வந்தது. அதைக் கரைத்துத் தொட்டியில் சில சொட்டு விட்டதும் மலைகள் பாதியாகச் சரிந்தன. மூன்று வாரமும் அப்படியே. முடிவைச் சொல்லவேண்டிய கோலாலம்பூர் மாநாட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெரிய விளைவு கிடைத்த மகிழ்ச்சியில் அருந்ததி எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிவந்தார். ஆர்தர் மட்டும் அதைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அண்ணே."

"பழைய போத்தல் தூளு தண்ணியில போட்ட ஒடனே கரைஞ்சிரும். இது அரை மணி நேரம் கலக்கினாலும் அடியில நிக்குது. ரெண்டும் ஒரே சாமான் இல்ல டாக்டர்."

அருந்ததி முதலில் சிரித்தார். ஆர்தர் நீல லிட்மஸ் தாளைக் கரைசலில் நனைத்தார். சிவந்தது. இரண்டு போத்தல்களின் பெயர்ச்சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது புரிந்தது. பழையது குளூட்டமேட்டின் சோடியம் உப்பு. புதியது குளூட்டமிக் அமிலம். வாங்கச் சொல்லி எழுதிய தாளில் 'சோடியம்' என்ற ஒரு சொல்லை விட்டவர் அருந்ததியேதான். அப்படியானால் மலையைச் சரித்தது குளூட்டமேட்டா, வெறும் புளிப்பா? மூன்று வாரக் காகிதமும் பதில் சொல்லாது.

அருந்ததி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டு நாள்தான் இருக்கு அண்ணே."

"பன்னெண்டு நாள் இருக்கே லா!" என்றார் ஆர்தர். பிறகுதான் கறிபாப்பைக் கடித்தார்.

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தார். காரம் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைசலின் புளிப்பைப் போக்கினார்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் ஆர்தர் தாளை நனைத்துத் தலையாட்டினால்தான் தொட்டிக்குப் போகும். குழாயைக் கட்டும்போது அதனிடம் பேசுவார்: "கொஞ்சம் பொறுத்துக்க தம்பி, இன்னிக்கு நல்லா குதிக்கணும்." முதல் நாட்களில் நூல் அறுந்தது, ஒருமுறை மின்சாரம் போனது. ஒன்பதாம் நாள் காலை மலைகள் சீராக எழுந்தன. குளூட்டமேட் விட்டார்கள். மலை தாழ்ந்தது, பாதியாக இல்லை, நகக்கண் அளவு. புது உப்புநீரால் குழாயைக் கழுவினார்கள். பழைய உயரத்துக்கே ஏறி நின்றது. இரண்டாவது குழாயிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

"சின்னதுதான் அண்ணே" என்றார் அருந்ததி. குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சின்னதுதான். ஆனா நெசம் டாக்டர்!"

இருவரும் சிரித்த சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அருந்ததி காகிதத்தைக் கிழித்தெடுத்து, மூலையில் சோதனை செய்தவர்கள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கீழே 'ஆர்தர்' என்று எழுதி நீட்டினார்.

எழுதியது பால்பாயிண்ட் பேனாவால். எழுதும்போதே காய்ந்துவிடும் மை. ஆனாலும் ஆர்தர் காகிதத்தை இரு கையாலும் வாங்கி, குனிந்து, தன் பெயரின் மேல் மெல்ல ஊதினார்.