கோல் ஷூட்டரும் கறுப்புப் பெட்டியும்

“நான் ஒரு நாள் வராட்டில் இந்த ஒஃபிஸ் படுத்திடும். பகிடிக்குச் சொல்லேல்லை.”

சந்திரவதனா இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது பரமட்டாவில் உள்ள, குசினி என்கிற சமையலறைகளை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தின் தேநீர் அறையில், மைக்ரோவேவுக்குள் தன் புட்டு சூடாகிக்கொண்டிருந்த வேளையில். கேட்டவர்கள் இருவர். முதலாளி கிருஷ்ணசாமி, கோயம்புத்தூர்க்காரர். மற்றவள் வரைபடம் போடும் யாமினி. இருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே யாராவது மறுத்திருந்தால் பின்னால் வந்த துன்பம் எதுவும் வந்திருக்காது.

பிரகடனத்துக்கு ஆதாரம் இருந்தது. அது கைக்கு அடக்கமான, கறுப்பு நிற ஹார்ட் டிஸ்க். மேற்குச் சிட்னியில் அந்த நிறுவனம் பொருத்திய, பொருத்தப்போகிற குசினிகள் அத்தனையின் படங்களும் அதற்குள் குடியிருந்தன. இணையத்தில் சேமிப்பது கிருஷ்ணசாமிக்கு ஆகாது. “நம்ம படத்தை ஊர் பேர் தெரியாதவன் வீட்ல எதுக்கு வைக்கணும்?” என்பார். ஆகவே பகலில் அது சந்திரவதனாவின் கணினியோடு இணைந்திருக்கும். மாலையில் அவருடைய கைப்பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி, ரயிலேறி வென்ட்வேர்த்வில் வீட்டுக்குப் போகும். காலையில் இலேசான மிளகாய்த்தூள் வாசத்தோடு திரும்பி வரும்.

யாருக்கு எந்தப் படம் வேண்டுமென்றாலும் அவர் மேசைக்கு முன் வந்து நிற்க வேண்டும். சந்திரவதனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “எந்த வீடு?” என்று கேட்பார். முதலாளிக்கும் இதே கேள்விதான். பதில் திருப்தியாக இருந்தால் அந்தக் கறுப்புப் பெட்டி கழற்றித் தரப்படும். “அலுங்காமல் கொண்டுபோ பிள்ளை.” யாமினி பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல இரு கைகளாலும் அதை ஏந்திப் போவாள்.

இப்படிச் சீராக நடந்துவந்த ஆட்சிக்குச் சோதனை பவளத்தின் உருவில் வந்தது. பவளம் ஊரில் சந்திரவதனாவோடு ஒரே பள்ளிக்கூட அணியில் வலைப்பந்து ஆடியவர். அந்த அணியில் பந்தை வளையத்துக்குள் போடும் கோல் ஷூட்டர் சந்திரவதனாதான். இப்போது பழைய மாணவிகள் சங்கத்தின் சிட்னி அணித் தலைவி. ஆண்டுதோறும் சிட்னிக் கிளையும் மெல்பேர்ண் கிளையும் மோதும். ஆண்டுதோறும் மெல்பேர்ண் வெல்லும். இந்த முறை ஆட்டம் மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில். வார இறுதியில் மண்டபம் கிடைக்காததால் வியாழனும் வெள்ளியும்.

“எங்களிட்டப் பந்து கொண்டுபோக ஆள் இருக்கு. வளையத்துக்குள்ள போடத்தான் ஆள் இல்லை” என்றார் பவளம் தொலைபேசியில். “ஐம்பது வயசில உன்னைப்போலக் குறி பாக்க ஆரடி இருக்கினம்? இந்த முறையும் ஒஃபிஸ் எண்டு சாட்டுச் சொன்னியோ, உன்னோட எனக்குக் கதை இல்லை.”

சந்திரவதனாவின் விரல்கள் அன்றிரவு தலையணையைப் பந்துபோல எறிந்து பார்த்தன. குறி பிசகவில்லை. மறுநாள் முதலாளியிடம் இரண்டு நாள் விடுமுறை கேட்டார்.

கிருஷ்ணசாமியின் முகம் வெளுத்தது. “ரெண்டு நாளா? ஒரே நாள்ல படுத்துடும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் சேர்.”

“இல்லம்மா. நானும் யோசிச்சுப் பார்த்தேன். கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க.”

“பெட்டியை இஞ்ச வச்சிட்டுப் போறன்.”

“பெட்டி ஒண்ணு. நான், யாமினி, பட்டறை, மூணு பேரும் பிடுங்கிக்கிட்டா யாரும்மா பஞ்சாயத்து பண்றது? ஒண்ணு செய்யுங்க. நீங்க இல்லாம ஒரு நாள் ஓடுதான்னு பார்ப்போம். ஓடிச்சுன்னா தாராளமா போயிட்டு வாங்க.”

உலகத்தில் எல்லோரும் தாங்கள் இன்றியமையாதவர்கள் என்று நிரூபிக்கப் பாடுபடுகிறார்கள். சந்திரவதனாவுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்து வழக்கு வாய்த்தது. அவர் யாமினியிடம் போனார்.

“நெட்வொர்க்ல ஷேர் பண்ணிட்டா போதும் ஆன்ட்டி. எல்லாரும் அவங்கவங்க சீட்லருந்தே எடுத்துக்கலாம். ரெண்டு வருஷமா சொல்றேன்.”

“நீ சொன்னதுதான். நான் கேக்காத மாதிரி இருந்தனான்.”

ராகு காலம் கழிந்ததும் சந்திரவதனா தம் கணினியில் பகிர்வுக்கான கட்டங்களில் அடையாளமிட்டார். சற்று நேரத்தில் யாமினி குரல் கொடுத்தாள். “படம் திறக்குது ஆன்ட்டி, திருத்தினா சேவ் ஆக மாட்டேங்குது!”

பார்க்கலாம், தொடக்கூடாது என்றுதான் அனுமதி கொடுத்திருந்தார். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைக்கிறவருக்கு அது இயல்பாக வந்தது.

“திருத்தவும் வேணுமோ?”

“வேலையே அதானே ஆன்ட்டி!”

பெருமூச்சோடு இரண்டாவது கட்டத்திலும் அடையாளமிட்டார். எல்லாம் வேலை செய்தது.

மறுநாள் அவர் வீட்டில் இருக்க, பரீட்சை தொடங்கியது. அலுவலகம் திறந்ததுமே தொலைபேசி அடித்தது. “படுத்துடுச்சும்மா! நீங்க சொன்னது அப்படியே நடந்துடுச்சு! எவன் ஸ்க்ரீன்லயும் பெட்டியே இல்ல!” கிருஷ்ணசாமியின் குரலில் குறி சொல்பவரின் வாக்கு பலித்ததைக் கண்ட பக்தரின் பரவசம்.

சந்திரவதனா ரயில் பிடித்து ஓடிவந்தார். தன் மேசைக்குக் கீழே குனிந்தார். சுவரில் இருந்த சுவிட்சு அணைந்திருந்தது. அணைத்தது வேறு யாருமில்லை. ஓரிடத்தை விட்டு வெளிக்கிடும்போது சுவர்ச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும் என்பது சைவத்துக்கு அடுத்தபடியாக அவர் கைக்கொள்ளும் சமயம். முதல் நாள் மாலை கை தன்பாட்டில் போய் அணைத்திருக்கிறது. அவர் கணினி தூங்கினால் பெட்டியும் மற்றவர்களுக்குக் கிடையாது.

“சுவிட்சுல டேப் ஒட்டிடலாம் ஆன்ட்டி” என்றாள் யாமினி.

“நான் டேப்பைக் கழட்டிப்போட்டு அணைப்பன். எனக்கு என்னைத் தெரியும் பிள்ளை.” அவர் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். “இஞ்ச ஒருத்தரும் எந்த நாளும் அணைக்காத சாமான் எது?”

மூவர் கண்களும் சுவரின் உச்சியில் நீல விளக்கோடு இருந்த ரவுட்டரில் போய் நின்றன. அதை அணைத்தால் அலுவலகத்தில் இணையமே போய்விடும். அதில் கைவைக்கச் சந்திரவதனாவுக்கே துணிவில்லை. அதன் முதுகில் இப்படியான பெட்டியைச் செருகவென்றே ஒரு துளை இருந்தது, யாரும் பாவிக்காமல்.

சந்திரவதனா கதிரையில் ஏறினார். கதிரையைக் கிருஷ்ணசாமி பிடித்துக்கொண்டார். மிளகாய்த்தூள் வாசனையோடு வளர்ந்த பெட்டி ரவுட்டரின் தலைமேல் அமர்த்தப்பட்டு, வயர் செருகப்பட்டது. யாமினி எல்லாக் கணினிகளையும் அதனோடு இணைத்தாள். பிறகு சந்திரவதனா தம் கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் அறையில் போய் உட்கார்ந்தார். மாலைவரை ஒருவரும் வந்து நிற்கவில்லை. “எந்த வீடு?” என்று கேட்க வாய் ஊறியது. அதைப் புட்டோடு சேர்த்து விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை, கிரெய்கிபர்ன். இறுதியாட்டத்தின் இடைவேளையில் இரு அணியும் சமநிலை. சந்திரவதனா மூச்சிரைக்க அலுவலகத்துக்கு அழைத்தார்.

“பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?”

“ஒண்ணுமில்லையே ஆன்ட்டி. சார் அவரே படம் எடுத்து பட்டறைக்கு அனுப்பிட்டார். நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சும்மாதான். வைக்கிறன்.”

இரண்டாம் பாதியில் அவர் எறிந்த பந்து எதுவும் வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. நேரே உள்ளே விழுந்தது. மெல்பேர்ண் தற்காப்பு வீராங்கனை, பேரப்பிள்ளை கண்டவர், “இவவை இவ்வளவு நாளும் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கினம்!” என்று நடுவரிடமே முறையிட்டார். கிண்ணம் முதன்முறையாகச் சிட்னிக்கு வந்தது.

பவளம் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “எடியே, நீ இல்லாமல் ஒஃபிஸ் என்ன பாடு?”

சந்திரவதனா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். “நல்லா நடக்குதடி” என்றார், மெல்லிய குரலில். “ஒரு குறையும் இல்லையாம்.”