இரண்டாவது கையெழுத்து

ஹமீது பீவி யாரையும் மறுத்துப் பேசி ஊர் கேட்டதில்லை. அதனால்தான் அவளைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊராட்சி அது. உறுப்பினர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். பொதுவாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. மடியில் சொளவு முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவள், குனிந்தபடியே செக்கிலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தார்கள்.

செக்கில் தலைவர் முதலில் போடுவார், பிறகு துணைத்தலைவர். இரண்டும் இருந்தால்தான் ஊராட்சிப் பணம் வங்கியை விட்டு வெளியே வரும். அவளும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் எதற்கென்று கேட்டுவிட்டுப் போட்டாள். அந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வாறுகால் வேலை, அதாவது கழிவுநீர் ஓடை கட்டும் வேலை, வந்தது. தெருக்களின் கழிவுநீர் முழுவதும் ஆற்றில் விழப்போகும் இடம், பெண்கள் குளிக்கும் துறைக்குச் சற்று மேலே. கூட்டத்தில் அவள் அந்த இடம் வேண்டாம் என்றாள். மற்ற எல்லோரும் சரியென்று கை தூக்கினார்கள். வேலை பாதி நடந்ததும் காண்டிராக்டருக்கான செக் அவள் முன்னால் வந்தது.

"இதுல போட மாட்டேன், தலைவரே."

தலைவர் மணிராஜ் சிரித்தார். "ஐ.நா. சபைன்னு நெனப்போ? வீட்டோல்லா போடுதிய."

"அப்படின்னா?"

"நாலு பேரு சரின்னு முடிவு பண்ணுனத ஒரு ஆளு நின்னு தடுக்கது."

"அப்ப அதேதான்" என்றாள்.

தடுக்கும் கை தனக்கும் உண்டு என்பது மணிராஜுக்கு அன்றிரவே தோன்றியிருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் சம்பளச் செக்கில் அவர் கையெழுத்துப் போடவில்லை. காண்டிராக்டர் செக்கும் இதுவும் சேர்ந்துதான் போகும் என்றார். பீவி பிடிவாதத்தால் சம்பளம் நின்றது என்று ஊரில் பேச்சு பரவியது.

தெரு கூட்டும் டார்லின் நேரே வீட்டுக்கு வந்தாள். "யக்கா, வாறுகால் எங்கன விழுந்தா ஒனக்கென்ன? சம்பளம் வந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

"நீ எங்கன குளிக்க?"

"அதே தொறையிலதான். குளிச்சிட்டுப் பட்டினி கெடக்கவா?"

ஹமீது பீவி சுற்றிய பீடிக்கு நூல் கட்ட மறந்து கையிலேயே வைத்திருந்தாள். கழிவுநீரைத் தடுக்கப்போய் இவள் அடுப்பையும் தடுத்தாகிவிட்டது. காண்டிராக்டர் செக்கில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சம்பளச் செக்கைக் கேட்டாள்.

"தலைவரு இன்னும் போடலியே" என்றார் செயலர். "அவரு போட்ட பெறவுதான நீங்க போடணும்?"

"அவருக்கு எடம் விட்டுத்தான் போடுதேன்."

தன் இடத்தில் பைய எழுதினாள். பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. கூடவே வந்திருந்த டார்லினிடம் அதைக் காட்டினாள். "எங்கையெழுத்து விழுந்தாச்சு. இனி யாரு பாக்கின்னு நீயே பாத்துக்கோ."

அன்று தெருக்கள் கூட்டப்படவில்லை. பணியாளர்கள் மணிராஜ் வீட்டு வாசலில் விளக்குமாறுகளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் என்ன விஷயம் என்று கேட்டபோதெல்லாம் டார்லின் ஒரே பதிலைச் சொன்னாள்: "தலைவர் கையெழுத்துக்குக் காத்திருக்கோம்."

மதியத்துக்குமேல் அவர் போட்டார்.

சாயங்காலம் மணிராஜ் செக் புத்தகத்தோடு ஹமீது பீவி வீட்டுக்கு வந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"சரிக்கா. வாறுகால எங்கனதான் கொண்டுபோய் விடச் சொல்லுதிய?"

பதவிக்கு வந்ததிலிருந்து அவர் அவளிடம் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி. அவள் சொளவைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எனக்கும் தெரியல, தலைவரே. தொறைக்குக் கீழ விட்டா கீழ ஊருக்காரங்க குடிக்கிற தண்ணி. இன்ஜினியரக் கூப்பிடுங்க. எல்லாருமா உக்காந்து பாப்போம். அதுவரைக்கும் இதுல போட மாட்டேன்."

மணிராஜ் செக் புத்தகத்தைத் திறக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்ஜினியரின் நம்பரைச் செல்போனில் தேடியபடி படியிறங்கினார்.