இரண்டு தட்டு

இது கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரித்தவள் அண்ணி. இப்போது சிரிப்பதில்லை.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே சாயத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி உணவுச் சாயப் பிரிவில் இருந்தாள். மிட்டாய்க்கும் ஜெல்லிக்கும் போகும் சிவப்பு, மஞ்சள். லாரி போகும் பாதையைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தில் அண்ணன். பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகும் நீலம். அண்ணியின் சாயம் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். அண்ணனுடையது எப்படித் தேய்த்தாலும் அசையாது, தின்னர் ஊற்றினால்தான் வழிக்கு வரும். "ஆளும் அப்படித்தான்" என்று அண்ணி கேலி செய்வாள்.

நிறம் மாற்றும்போது கலக்கும் டிரம்மைக் கழுவியாக வேண்டும். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய இரும்பு டிரம். திறப்பு உச்சியில் இருக்கும். ஒருவர் ஏணி வைத்து உள்ளே இறங்குவார், இன்னொருவர் கீழே வெளியே காவல். வெளியே இருப்பவர் அவ்வப்போது ஒரு தட்டு தட்டுவார். 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டுவார். 'நல்லா இருக்கேன்.' பதில் வராவிட்டால் உடனே ஏறி ஆளை வெளியே இழுக்க வேண்டும்.

அன்று விடுமுறை நாள். இரண்டு கட்டடத்திலும் கழுவும் வேலை. அண்ணனுக்கு ஒரு வாரமாக விடாத இருமல்.

"இன்னைக்கு நீங்க உள்ள இறங்காதீங்க. தின்னர் நெடி நெஞ்சை அடைச்சிரும்."

"வெளிய மீசைக்காரர் நிக்கிறாரு. நீ போய் உன் வேலையப் பாரு."

அண்ணிக்கு மனசே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து, அரை மனதோடுதான் தன் டிரம்முக்குள் இறங்கினாள். வெளியே காவல் அவளுடைய கூட்டாளி. உயரமாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டச்சி.

இயந்திரங்கள் ஓடவில்லை. அப்படி ஓர் அமைதி.

'டொக்.'

அண்ணி விரல் முட்டியால் பதில் கொடுத்தாள். 'டொக், டொக்.'

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும். வழக்கத்தைவிட அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணி பதில் தட்டினாள். சத்தம் பக்கவாட்டில் இருந்து வரவில்லை... காலுக்குக் கீழே இருந்து வருவது போலிருந்தது.

"ஏன்டி, சும்மா தட்டிக்கிட்டே இருக்கே?"

பதில் இல்லை. நெட்டச்சி வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளே இல்லை.

அப்போதுதான் அந்த நெடி. தின்னர்! உணவுப் பிரிவுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். சிவப்பு கரைந்து வந்தது. அதற்கு அடியில்... நீலம்.

ஒரு உள்ளங்கை.

தேய்த்தாள். கரையவில்லை. துணியில் ஒட்டவும் இல்லை. அது உணவுச் சாயம் இல்லை. அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். தினமும் அவள் துவைக்கும் சட்டையில் இருப்பது.

அதற்கு மேலே இன்னொரு கை. அதற்கும் மேலே இன்னொன்று. திறப்பு வரை போய்... அங்கிருந்து விரல்கள் வழுக்கிய கோடுகள்.

'டொக்.'

பழகிய கை. தானாகவே எழுந்து தட்டிவிட்டது.

'டொக், டொக்.'

காதுக்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

அவளுக்குத் தெரிந்த இருமல்.

ஏணியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தலையை வெளியே நீட்டும்போது டீ மணி அடித்தது. தூரத்தில் நெட்டச்சி இரண்டு வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப போனே?"

"நீ இறங்கினதுமே குழாய்க்குப் போயிட்டேன்டி. தண்ணி சொட்டுச் சொட்டா வந்துச்சு. திட்டாதே."

"அப்ப தட்டினது யாரு?"

"யாரு தட்டினா?"

அண்ணி எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். அங்கே அண்ணனை டிரம்மிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு உள்ளங்கையும் நீலம். உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. மீசைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். காவல் நிற்கிற லட்சணமா இது என்று கத்தினேன்.

அவர் குழந்தை மாதிரி அழுதார்.

"நான் தட்டாம இல்ல தம்பி. விடாம தட்டினேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு தட்டு பதில் வந்துச்சு. நல்லா இருக்காருன்னு இருந்துட்டேன். டீ மணி அடிச்சப்பதான் முதல் தடவையா பதில் வரல. உடனே ஏறிப் பாத்தேன்."

அண்ணி தன் வலது கை விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.